எல்லையில் நின்றது ஓய்வாம்

வரிசையில் நிற்பது ஓய்வு என்று எங்கள் கம்பெனியில் எவன் முதலில் சொன்னானோ, அவனை ஒரே ஒரு கோடையில் அமீரகத்திலிருந்து சவுதிக்குள் போகும் லாரி வரிசையில் உட்கார வைத்திருக்க வேண்டும். இரண்டாயிரங்களில் நான் அபுதாபியிலிருந்து ரியாத்துக்கு டைல்ஸ் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். டிரைவர் தாளில் ஓட்டிய நேரத்துக்கு ஒரு கட்டம், ஓய்வுக்கு இன்னொரு கட்டம். காத்துக் கிடந்த நேரத்துக்குக் கட்டமே கிடையாது. எல்லையில் ஒரு பகலும் ஓர் இரவும் நின்றால் ஓய்வு என்று எழுதித்தான் கையெழுத்துப் போட வேண்டும். வேறு எதையாவது எழுதினால் தாள் திரும்பி வரும்.

அந்த வரிசையில் தூங்கவா முடியும்? கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள். பத்தடி நகரும், நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி பத்தடி. முன்னால் இடம் விட்டால் பக்கத்திலிருந்து ஒருத்தன் மூக்கை நுழைத்துவிடுவான். பின்னால் இருக்கிறவர்கள் நம் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். முன்னால் நிற்பவன் கண் அசந்துவிட்டால், பின்னால் நிற்பவன் இறங்கிப் போய் அவன் கதவைத் தட்ட வேண்டும். அது உதவி. தட்டாமல் இருப்பவனைத்தான் மனுஷனா என்று கேட்பார்கள்.

அந்த முறை எனக்கு முன்னால் நின்றவன் என் ரூம்காரன், புதுக்கோட்டைப் பக்கம். ஒரே கம்பெனி, ஒரே சரக்கு. முந்தின டிரிப்பை முடித்த கையோடு அவனை மறுபடி அனுப்பியிருந்தார்கள். நான் கதவைத் தட்டுவேன். "போறேன் மாப்ள, போறேன்" என்று குரல் வரும். கண்ணைத் திறக்காமலே கியரைப் போட்டு, பத்தடி போய், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வான். எப்படிடா முடியுது என்றால், "காலுக்குத் தெரியும் மாப்ள" என்று சிரிப்பான். இரவு முழுக்க இப்படியே போனது.

மறுநாள் மதியம் சவுதிப் பக்கம் வந்து சேர்ந்தோம். அவன் ஆபீசுக்குப் போன் போட்டு, சாயங்காலம் வரை தூங்கிவிட்டுப் புறப்படுகிறேன் என்று இந்தியில் கெஞ்சினான். பக்கத்தில் நின்ற எனக்கே அந்தப் பக்கத்துக் கத்தல் கேட்டது. நேற்றிலிருந்து ஓய்வில்தானே இருக்கிறாய், யல்லா, ஜல்தி, சீக்கிரம் கிளம்பு!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படுத்துத் தூங்குடா. என்ன தலையையா வாங்கிடுவான்?"

"லீவுல கையெழுத்துப் போடுறவனே அவன்தான் மாப்ள. அடுத்த மாசம் ஊருக்குப் போகணும்ல" என்று சொல்லிக்கொண்டே ஏறினான்.

அவன் முன்னால், நான் பின்னால். நேர் ரோடு. எதிரே ஒன்றுமில்லை, ஒட்டகம்கூட இல்லை. திடீரென்று அவன் பிரேக் லைட் எரிந்தது. வேகம் குறைந்து குறைந்து, நட்ட நடு ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. பஞ்சர் என்று நினைத்தேன். நானும் நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"போறேன் மாப்ள, போறேன்."

வண்டி நகர்ந்தது. சரியாகப் பத்தடி போய் நின்றது. ஹேண்ட் பிரேக் இழுக்கிற சத்தம் கேட்டது.

அவன் இன்னும் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தான். படியில் தொற்றி ஏறி, கதவைத் திறந்து, சட்டையைப் பிடித்து உலுக்கினேன். முழித்தவன் சுற்றுமுற்றும் பார்த்து, "செக்போஸ்ட் எங்க மாப்ள?" என்றான். அதற்குள் ஒரு டேங்கர் ஹார்னை அலறவிட்டு எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது.

அந்தச் சுமையோடு வண்டியை ஓரத்து மணலில் இறக்கினால் புதைந்துவிடும். தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். "அடுத்த பெட்ரோல் பம்புல வண்டியைப் போட்டுட்டுப் படுக்குறேன். கலாஸ், அவ்ளோதான்! ஆபீஸ்காரன் என்னவும் சொல்லட்டும்" என்றான். பம்பின் போர்டு கண்ணில் பட்டபோதுதான் அவன் வண்டி மெதுவாக வலப்பக்கம் போக ஆரம்பித்தது. நான் ஹார்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. மணலில் இறங்கிச் சாய்ந்தது. டைல்ஸ் அத்தனையும் கேபின் மேல்.

நான் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

பாவி, சிரித்துக்கொண்டேதான் கிளம்பினான். இப்போது நான் லாரி ஓட்டுவதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடுவேன், கதவில் மட்டும் கை வைக்க மாட்டேன். ஒருமுறை மறந்துபோய்த் தட்டிவிட்டு, உள்ளே யாரோ "போறேன்" என்று சொன்னதைக் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். அது ஆளில்லாத வீடு.

அவன் உடலை ஊருக்கு அனுப்பிய பிறகு அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். அழுது ஓய்ந்த குரல்.

"அண்ணே, ஒரு நாள் பூரா ரெஸ்ட்டு எடுத்தாருன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காராம். அப்புறம் எப்படிண்ணே தூங்குவாரு? குடிச்சிருந்தாரா? எங்கிட்ட மறைக்காதீங்க."

"ஐயோ, இல்லம்மா! ஒரு சொட்டு தொட்டதில்லை" என்று பதறினேன். வரிசை என்றால் என்ன, அது எப்படி நகரும், கண்ணை மூடினால் எப்படி எழுப்பிவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பேரில் அந்தப் பழி ஒட்டக்கூடாது என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அந்தப் பிள்ளை முழுக்கக் கேட்டது.

"அப்ப அவரைத் தூங்கவிடாம தட்டிக்கிட்டே இருந்தது யாருண்ணே?"

"நான்தாம்மா" என்றேன்.