நாரை எச்சம் படிந்த விறகு

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு சிறிய பேக்கரி உண்டு. பின்கட்டில் செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்பு, போர்மா என்போம். விறகை உள்ளே எரித்து, கங்குகளை வெளியே தள்ளிவிட்டு, அந்தச் சூட்டில் ரொட்டி வேக வேண்டும். விறகு சரியில்லை என்றால் பன் மேலே கருகி உள்ளே மாவாக இருக்கும். அதனால் விறகு விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. நிலத்தடி நீரை உறிஞ்சும் பிசாசு மரம் என்று எல்லாரும் திட்டினார்கள். வியாபாரிகள் கூட்டத்தில் நானும் எழுந்து, குளங்களைக் காப்பாற்றப் போகிற உத்தரவு என்று பேசிக் கைதட்டல் வாங்கினேன். விறகு மலியும் என்ற கணக்கும் உள்ளே இருந்தது, மறைப்பானேன்.

விறகு வந்தது. ஆனால் எல்லாம் பச்சைக் கிளை, முள்ளும் சிம்புமாக. புகைதான் மிச்சம். கிறிஸ்துமஸ் கேக்குக்கு விறகு அடைத்துவைக்க வேண்டிய நேரம் வேறு. லோடு கொண்டுவந்த விறகு வியாபாரியிடம் எரிந்து விழுந்தேன்.

"அண்ணாச்சி, இது விளங்காது. நாட்டுக்கருவேலம் தடியாக் கெடைச்சாக் கொண்டாங்க. அதுதான் கங்கு நிக்கும்."

"அதுக்கென்ன வே, கொளத்துல சீமைய வெட்டுத மெஷின் ஓடத்தான செய்யுது. பாத்துக்கிடுவோம்" என்றார்.

அடுத்த லோடு அருமையான கட்டைகள். கேக் வியாபாரம் செய்கிற எவனும் ஆசைப்படுகிற விறகு. பட்டையெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகக் கிடந்தது. அது பறவை எச்சம் என்பது எனக்குத் தெரியும். என் மனைவி பிறந்தது முக்கூடல் பக்கத்தில் ஒரு குளத்தங்கரை ஊர். கல்யாணமான நாள்முதல் அந்தக் குளத்து மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நாட்டுக்கருவேல மரம் முழுக்க இப்படித்தான் வெளுத்து நிற்கும். குளம் எத்தனையோ இருக்கிறது, இது வேறு எங்காவது வெட்டியதாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேக் நன்றாக வெந்தது.

அதே நாட்டுக்கட்டையில் இரண்டாவது லோடு இறங்கிய மறுநாள் என் மச்சான் போன் செய்தார். மனைவிக்கு மூத்தவர். அந்தக் குளத்துப் பாசனத்தில் நெல் போடுகிறவர். நாரை எச்சம் கரைந்த தண்ணீர் பாய்கிற வயலுக்கு உரமே அதிகம் வேண்டாம் என்று பெருமை அடிப்பார்.

"மாப்ளே, சீமைய வெட்டச் சொன்னா நாட்டு மரத்தையும் சேத்து வெட்டுதானுவ. உத்தரவுல அது இல்லியேன்னு கேட்டா, தாலுகா ஆபீஸ்ல மனு எழுதிக் குடுங்கங்காவ. மனு போயிச் சேருததுக்குள்ள மரம் தீந்துரும். டவுன்ல எவனோ தடி விறகா வேணும்னு கேக்கானாம். அவன் யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. நான் போயிக் கையக் காலப் பிடிச்சாவது நிப்பாட்டிருதேன். இன்னும் பாதி மரம் அங்கன நிக்கி."

போர்மா எனக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. "விசாரிக்கேன் மச்சான்" என்றேன். பயம்தான். மனைவிக்குத் தெரிந்துவிடுமே, சொந்தத்தில் தலை நிமிர முடியாதே என்ற பயம். அதோடு கேக் ஆர்டர்களும் ஏராளமாகப் பிடித்துவைத்திருந்தேன்.

அந்த ஆண்டு மழைக்குக் குளம் நிறைந்தது. மார்கழியில் நாரைகள் வந்தன. வெறும் தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு, சில நாள் கரையில் நின்றுவிட்டுப் போய்விட்டன. மச்சான் சொல்லித்தான் தெரியும். நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு இன்னொரு விதி வந்தது. புகை போகிறது, பேக்கரிகள் விறகை விட்டுவிட்டு கேஸ் அடுப்புக்கு மாற வேண்டும் என்றார்கள். திட்டிக்கொண்டே மாறினேன். ஒரே மாதத்தில் பழகிவிட்டது. பன்னில் ஒரு குறையும் இல்லை. விறகே இல்லாமல் பிழைக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட எரிச்சலை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த கிறிஸ்துமஸுக்கு மனைவியின் ஊருக்குப் போனேன். மச்சான் என்னைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போனார். மூன்றே மூன்று நாரைகள், கரையோரம் ஈரமண்ணில் நின்றன. வெட்டிய இடத்தில் ஊராட்சியில் மரக்கன்று நட்டார்களாம். ஆடு தின்றது போக மீதி வெள்ளத்தில் போய்விட்டது. தழைத்திருந்தாலும் நாரை ஏறுகிற மரமாக அது நிற்க எங்கள் ஆயுசு போதாது.

இனியும் மென்று முழுங்க முடியவில்லை. "மச்சான், அந்த வெறகக் கேட்டது நாந்தான்."

அவர் தண்ணீரைப் பார்த்தபடியே பைய, கோபமே இல்லாமல் கேட்டார்.

"நான் போன் பண்ணுனதுக்கப்புறமும் வாங்குனீயளா?"

வாங்கினேன். மூன்றாவது லோடும் நான்காவது லோடும் அதற்குப் பிறகு வந்தவைதான்.