ஸ்கார்ச்சிங் என்றொரு சொல்

பத்து வயதில் நான் ஒருத்திக்கு வாத்தியாராக இருந்தேன் என்றால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் மாணவி அப்பாவின் தங்கை. மாமா காய்ச்சலில் இறந்தபின் வெள்ளைச் சேலையோடு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் இல்லாதவள் நிறம் உடுத்தக்கூடாது என்பது வீட்டை ஆண்ட பெரியம்மையின் சட்டம். வேதபுத்தகத்தில் எங்கும் இல்லாத கட்டளை.

மார்த்தாண்டத்துப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு ஆள் தேடினார்கள். அதை நடத்தும் வெள்ளைக்காரத் துரைசாணி இங்கிலீஷில் கேள்வி கேட்பாளாம். மறந்துபோன இங்கிலீஷை அத்தை என் புத்தகத்திலிருந்து மீட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைய சொல் ஸ்கார்ச்சிங். சுட்டெரிக்கும் வெயிலுக்குச் சொல்வது என்று பெருமையாக விளக்கினேன். பயிர் கருகினாலும், தேய்க்கும்போது துணி தீய்ந்தாலும் ஸ்கார்ச்தான். சுடுசொல்லுக்கும் பொருந்தும் என்றேன்.

“அது நம்ம வீட்டுலயே உண்டுல்லா” என்று அத்தை அடுக்களைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். பிறகு, “கரிஞ்ச துணிய உடுத்தப்பிடாது, இல்லியா மக்கா?” என்றாள். இதிலென்ன சந்தேகம் என்று நினைத்தேன்.

துரைசாணியைப் பார்க்க அவள் புறப்படும் நாளன்று சேலையை நான்தான் தேய்ப்பேன் என்று அடம்பிடித்தேன். தேய்ப்புப் பெட்டியில் சிரட்டைக் கரி கனன்றது. பாதி தேய்த்திருந்தபோது, காயும் நெல்லைக் கொத்தும் கோழிகளை விரட்டப் பெரியம்மை கூப்பிட்டாள். பெட்டியைச் செங்கல்மேல் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தால் ஒரே தீய்ந்த வாடை. பெட்டி முந்தானைமேல் இருந்தது. எடுத்தால் அதன் அச்சு அப்படியே பழுப்பாக விழுந்திருந்தது. அத்தை பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

“ஏட்டி, கண்ண எங்கட்டி வச்சிருந்த?” என்று பெரியம்மை என் காதைத் திருகினாள்.

“பிள்ளைய விடுங்க மதினி. மத்த வெள்ளச் சேல நனஞ்சு கெடக்கு. டிரங்குல அவரு எடுத்துத் தந்த நீலச் சேல இருக்குல்லா, அத உடுத்துட்டுப் போறேன்.”

பெரியம்மை வாயைத் திறந்தாள், நேரமாகிவிட்டதால் மூடிக்கொண்டாள். அந்த வெயிலில் குடையை விரிக்காமல், எல்லோரும் பார்க்க, அத்தை நடுத்தெருவில் நடந்து போனாள். வேலை கிடைத்தது. பிறகு அவள் வெள்ளை உடுத்தவே இல்லை.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கிறிஸ்துமஸ்தோறும் மன்னிப்புக் கேட்பேன். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள். நான் தீய்த்த சேலையை நினைத்துத்தான் அழுகிறாள் என்று இருந்தேன். செங்கல்மேல் வைத்த பெட்டி முந்தானைக்கு எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.