அரசாணிக்காயும் என் அவசரமும்

குழந்தைகளே, என் தப்பை நானே சொல்லிவிடுகிறேன். மச்சான் குடும்பம் விருந்துக்கு வந்த அன்று, மனைவியை உட்காரச் சொல்லிவிட்டு நானே சமைக்க இறங்கினேன். ஆர்மீனியா நாட்டுப் பண்டிகைச் சமையலை போனில் பார்த்திருந்தேன். பூசணிக்குள் சோறும் திராட்சையும் தேனும் அடைத்து வேகவைத்தால் போதும், அலுப்பே இல்லை என்றார்கள். நாமக்கல் சந்தையில் பூசணிக்காய் கேட்டு வாங்கி வந்தேன்.

ஆறாவது படிக்கும் மகள் போனைப் பார்த்தாள். "அப்பா, இது மஞ்சளா இருக்குதுங்க. நம்ம அரசாணிக்காயுங்க, பரங்கின்னு சொல்றாங்களே அது. நீங்க திருஷ்டிக்கு உடைக்கற வெள்ளைப் பூசணியை வாங்கிட்டு வந்துட்டீங்க."

"பூசணின்னுதான் சொல்றாங்க. போய்ப் படி!" என்று கத்தினேன். அவள் முகம் வாடிவிட்டது.

இட்லிக் குண்டாவில் ஒரு மணி நேரம் வேகவைத்து, எல்லார் முன்னாலும் அறுத்தேன். காய் தண்ணீர் விட்டு, உள்ளிருந்து இனிப்புக் கஞ்சி ஓடியது.

"ஏனுங்க மாப்ள, விருந்துங்களா, திருஷ்டி கழிக்கறீங்களா?" என்றார் மச்சான். மனைவி எழுந்துபோய் உப்புமாவுக்கு ரவை வறுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

"நீ சொன்னதுதான் சரி, சாமி" என்றேன். காய் வேக ஒரு மணி நேரம். அந்த நாலு வார்த்தை வெளியே வர அதைவிட அதிக நேரம் ஆனதுபோல் இருந்தது.