முதலில் என்ன செய்வீர்கள்?

வெளிநாட்டு நர்சிங் லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தபோது, திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்குப் பதினோரு வருட அனுபவம். தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். முதல் மாதிரித் தேர்வில் பாதிக்கு மேல் தவறு.

என்னோடு சேர்ந்து படித்த இளைய நர்ஸ், சாப்பாட்டு நேரத்தில் என் விடைத்தாளைப் பார்த்தாள்.

"அக்கா, மூச்சு வாங்குறவருக்கு முதல்ல என்ன செய்வீங்கன்னா, டாக்டரக் கூப்பிடுவேன்னு போட்டிருக்கீங்க."

"வார்டுல அதானே பண்றோம்?"

"முதல்ல நிமிர்த்தி உக்கார வெக்கணும்க்கா. ஆக்சிஜன் வெக்கணும். அப்புறம்தான் போன்."

இதை நான் கல்லூரியில் படித்தவள். எப்போது விட்டேன் என்று தெரியவில்லை.

அடுத்த பௌர்ணமி மாலையில், கிரிவலம் வந்த பெரியவர் ஒருவரை மூச்சுத்திணறலோடு தூக்கி வந்தார்கள். என் கை பழக்கத்தில் போனுக்குத்தான் போனது. இழுத்துக்கொண்டேன். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ஆக்சிஜன் மாஸ்க் மாட்டிவிட்டு, பிறகு டாக்டரை அழைத்தேன். டாக்டர் வருவதற்குள் பெரியவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"கோயிலுக்கு இன்னும் எவ்ளோ தூரம்மா பாக்கி?"

"இன்னிக்கு இவ்ளோ போதும் ஐயா" என்றேன்.

தேர்வில் நாங்கள் இருவருமே தேறினோம். அவள் வெளிநாடு போய்விட்டாள். எனக்கு விசா இன்னும் வரவில்லை.