நாலு பேர், நாலு முகமூடி

என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவர், நான், இரண்டு மகள்கள் என நாலு பேருமே கண்ணாடியைக் கழற்றினால் கதவு எது, சுவர் எது என்று தெரியாத ஜென்மங்கள்.

கடைக்கு வந்த ஒருவர், தூரத்துத் தீவில் கடலுக்குள் முகம் புதைத்து மீன் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று இவரைப் பிடித்தது சனியன். உட்கார்ந்தால் தீவு, எழுந்தால் தீவு. "பேசாம மலைக்குப் போலாங்க" என்று நான் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்கு. இரண்டு விமானம், ஒரு படகு, எல்லாவற்றுக்கும் டிக்கெட் போட்டுவிட்டார்.

நேற்று பார்சலில், தண்ணீருக்குள் பார்க்க மாட்டிக்கொள்ளும் கண்ணாடி முகமூடிகள் நாலு வந்தன. கூடத்தில் நின்று மாட்டிப் பார்த்தோம். கண்ணாடியோடு மாட்டினால் முகத்தில் ஒட்டவில்லை. கழற்றிவிட்டு மாட்டினால் எதிரே நிற்கும் ஆளே தெரியவில்லை.

"அப்பா, மீன் எப்படிப்பா தெரியும்?" என்றாள் சின்னவள்.

"பக்கத்துல வந்தா தெரியும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கடைக்கு வர்றவங்களை மட்டும் படிக்கவா, வண்டி ஓட்டவான்னு குடைஞ்சு குடைஞ்சு கேக்கத் தெரியுதுல்ல? வீட்டுல இருக்கிற கண்ணெல்லாம் கண்ணாத் தெரியலையா?"

"கத்தாதே. பவர் போட்ட முகமூடியே இருக்கு. போன மாசம்கூட நம்ம கடையிலேயே ஒருத்தருக்குச் செஞ்சு குடுத்தேன்."

"யாருக்கு?"

"அதான், அந்தத் தீவுக்காரருக்கு."