பதினேழாம் எண் வராத பதின்மூன்று நாள்

என் மனைவிக்கு டயாலிசிஸ் நாற்காலி கிடைக்க ஏழு மாதமும் நான்கு நாளும் காத்திருந்தோம். ஜொகூர் மாநிலத்து யோங் பெங்கில் இருக்கும் அந்தத் தொண்டு நிலையத்தில் மொத்தம் எட்டு நாற்காலிகள். சன்னலோரத்து நாற்காலிக்கு உரியவர் வந்தால் வருவார், வராவிட்டால் வரமாட்டார். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. காத்திருந்த காலத்தில் வாரம் மூன்று முறை நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு நிலையத்துக்குப் போய்வந்தோம். வழியில் பதினொரு சமிக்ஞை விளக்குகள். ஒவ்வொரு சிவப்பிலும் நான் அந்தக் காலி நாற்காலியை நினைத்துக்கொள்வேன்.

ஒருவழியாக இடம் கிடைத்தது. திங்கள், புதன், வெள்ளி, காலை நேரம். ஆனால் அந்தச் சன்னலோரத்துக்காரரை நான் மன்னிக்கவில்லை. பின்னால் நான் எழுதிய வாக்கியத்துக்கு அதுதான் காரணம்.

நான் முப்பத்தொரு வருடம் பாமாயில் ஆலையில் எடைமேடையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். லாரி உள்ளே போகும்போது ஓர் எடை, வெளியே வரும்போது ஓர் எடை, இடையிலுள்ள வித்தியாசம்தான் உண்மை. ஓய்வு பெற்ற பிறகு எடை போட எதுவும் இல்லாததால் மற்ற எல்லாவற்றையும் எண்ண ஆரம்பித்தேன். வீட்டில் இதற்கு நல்ல பெயர் இல்லை.

எங்கள் ஒரே மகள் உலு திராமில் இருக்கிறாள். தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய், மற்றவர்கள் எழுதும் கணினி நிரல்களில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று எனக்கு முன்பே தெரியாமல் போயிற்று. நிலையத்தின் வருகைப் புத்தகத்தைக் கணினிக்கு மாற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், இலவசமாகவே செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகு அவளுக்கும் எங்களுக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வை இப்படித்தான் கெடுத்துக்கொண்டோம்.

“இதுக்குத் திரையே கிடையாதுப்பா,” என்றாள். “கவுண்டர் சன்னல் மாதிரின்னு வெச்சுக்குங்க. ஒரு சீட்டை உள்ளே நீட்டுவோம், பதில் சீட்டு வெளியே வரும். நர்ஸ் மிஸ்ஸியோட கணினியும், பேஷண்டோட போனும், வேன் டிரைவரோட போனும் அந்தச் சன்னலுக்கு வந்துதான் கேக்கணும்.”

பதில் சீட்டின் தலைப்பில் ஓர் எண் இருக்குமாம். இருநூறு என்றால் சரி. நானூற்று ஒன்பது என்றால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நானூற்று நான்கு என்றால் அப்படி யாரும் இல்லவே இல்லை. எண் என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது.

அந்தச் சன்னல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை முதலிலேயே சாதாரண வாக்கியங்களில் எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று பகுதி: நிலைமை என்ன, அப்போது என்ன நடக்கிறது, என்ன பதில் வர வேண்டும். சோதிக்கும் நிரல் ஒன்று அந்த வாக்கியங்களை வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் சன்னலைத் தட்டிப் பார்க்கும். எழுதியபடி பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

“வாக்கியங்களை நீங்க எழுதுங்கப்பா.”

“நான் எதுக்கு?”

“உங்களைவிட நச்சரிக்கிற ஆளை நான் பார்த்ததில்ல. இந்த வேலைக்கு அதுதான் தகுதி.”

நாற்பத்தொரு வாக்கியம் எழுதினேன். நிலையத்துக் கமிட்டியில் எல்லா இனத்தவரும் இருப்பதால் மலாயில் எழுதினேன். ஆள் இருக்கும் நாற்காலியை இன்னொருவர் கேட்டால் நானூற்று ஒன்பது. ஒருவரே இரண்டு நாற்காலி கேட்டாலும் அதே. முப்பத்தெட்டாவது வாக்கியத்தை எழுதும்போது மட்டும் பேனாவைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். “ஒரு நோயாளி ஒரே மாதத்தில் மூன்று முறை வராமல் இருந்த நிலையில், அந்த மாதம் முடிந்தால், அவருடைய நாற்காலி காத்திருப்போர் பட்டியலின் முதல் ஆளுக்குப் போக வேண்டும்.”

கமிட்டியின் ஐந்து பேரும் அந்த வாக்கியத்துக்கு மட்டும் கை தூக்கினார்கள். முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதிய எதற்கும் யாரும் ஒரு விரலைக்கூடத் தூக்கியதில்லை.

அடுத்து ஒத்திகை. முடிந்துபோன ஒரு மாதத்தின் உண்மையான வருகையை உள்ளே ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ரமலான் நோன்பு மாதம் முடிந்திருந்தது. தலைமை மிஸ்ஸி, கண்டிப்பான சீனப் பெண்மணி, நோயாளிகளின் பெயர் மேல் தாள் ஒட்டி மறைத்து, ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை (நாற்காலிக்கு நாளும் நேரமும் மாறி நான்கு பேர்) இஷ்டத்துக்கு எண் போட்டு, நாளுக்கு ஒன்றாக இருபத்தாறு பக்கங்களை நகலெடுத்துத் தந்தார். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவர் மேசை இழுப்பறையில் பூட்டியிருந்தது. நான் இரண்டு நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். நகல் சுத்தமாக இல்லை. ஒன்று விட்டு ஒரு பக்கத்தில், பக்கத்துக்கு இரண்டு மங்கலான கறைகள். மொத்தம் இருபத்தாறு. நகல் இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைக்கும்படி ஒரு குறிப்பும் எழுதி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஒத்திகையை ஓட்டினாள். நாற்பத்தொன்றும் பச்சை. மூன்று பேரின் நாற்காலி பட்டியலுக்குப் போயிற்று. எட்டாம் எண், நான்கு நாள் வரவில்லை. பதினேழும் இருபத்தொன்பதும் ஆளுக்குப் பதின்மூன்று நாள்.

சாப்பிடும்போது எனக்குப் பொறுக்கவில்லை. “பதின்மூன்று நாள்! மாதம் முழுக்க ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை இந்தப் பதினேழு. வெட்கமில்லாத ஜென்மம். வெளியே எத்தனை பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள்!”

மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, “பதின்மூணு நாள் மெஷின்ல ஏறாம எப்படிங்க அந்த ஆளு உயிரோட இருக்காரு?” என்றாள்.

“அது எண்ணிக்கையில் வராது,” என்றேன்.

புதன்கிழமை காலை அவளை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பும்போது தலைமை மிஸ்ஸி கூப்பிட்டார். இழுப்பறைப் பட்டியல் மேசைமேல் விரிந்திருந்தது.

“அங்கிள், பதினேழு உங்க வீட்டு ஆள் லா,” என்றார் மலாயில். சிரிக்கவில்லை. கமிட்டி முடிவெடுத்துவிட்டதாம். திங்கட்கிழமை முதல் கணினி சொல்வதுதான் சட்டம். பட்டியலில் முதலில் இருக்கும் அம்மாளுக்கு இடம் உண்டு என்று நேற்றே போன் செய்துவிட்டார்களாம். அந்த அம்மாள் போனிலேயே அழுதாராம்.

நான் காரில் பதினைந்து நிமிடம் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு மகளுக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமைக்கு வைத்திருந்த சன்னலில் பதினேழாம் எண்ணைக் கேட்டுப் பார்த்தாள். “நானூத்தி நாலுப்பா.”

அப்படி யாரும் இல்லவே இல்லை.

டயாலிசிஸ் முடிந்து மனைவியை வீட்டுக்கு அழைத்து வரும் வழியில் சொன்னேன். அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்தாள். “நோன்பு மாசம் பூரா என்னைச் சாயங்காலம் கொண்டுபோய் விட்டது யாரு? பதின்மூணு தடவையும் முனகிக்கிட்டே வண்டி ஓட்டினது யாரு?”

நான்தான். ஆயர் ஈத்தாமில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மனைவி ஒருவர், தமிழ் முஸ்லிம், மாலை நேரத்து நோயாளி. நோன்பு திறக்கும் வேளையில் அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று என் மனைவி தன் காலை நேரத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு மாலையில் போனாள். எனக்குத் தெரியும். மாலை நெரிசலில் ஆறு நிமிடம் அதிகம் ஆகிறது என்றுகூடக் குறித்து வைத்திருந்தேன். அதற்கும் பதினேழாம் எண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

“முப்பத்தெட்டாவது வாக்கியத்தை எடுத்துடலாமா? ஒரு நிமிஷ வேலை,” என்றாள் மகள், அன்றிரவு போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

எடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். போனில் அழுத அந்த அம்மாள் குறுக்கே வந்தார். ஏழு மாதமும் நான்கு நாளும் குறுக்கே வந்தன. “வேண்டாம், அது இருக்கட்டும். இன்னொன்று எழுதுகிறேன்,” என்றேன்.

“அப்படின்னா நேரம் மாத்திக்கிறது எப்படி நடக்குதுன்னு சொல்லுங்க. யார் கேக்குறாங்க? யார் ஒத்துக்குறாங்க? எப்போ?”

அந்தக் கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாலை மனைவியையும் அழைத்துக்கொண்டு குறிப்பேட்டுடன் நிலையத்துக்குப் போனேன். கடைக்காரர் மனைவி உள்ளே போகும் முறைக்காக வாசல் பெஞ்சில் காத்திருந்தார்.

“வாங்கண்ணே! வெட்கமில்லாத ஜென்மம் ரெண்டுத்தையும் ஒண்ணா பிடிக்க வந்தீங்களா?” என்றார். மனைவி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். “நான் இருபத்தொன்பதாமே? இத்தனை நாளா என் வயச யாரும் இவ்வளவு கம்மியா சொன்னதில்ல.”

“முதலில் யார் கேட்டது?” என்றேன், குறிப்பேட்டைத் திறந்து.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “யாரும் கேக்கலயே,” என்றார் அவர். “அடுத்த வாரம் நோன்பு வருதுக்கான்னு சொன்னேன். சரி, நான் சாயங்காலம் வர்றேன்னாங்க அக்கா.”

“அதுதானே கேட்பது?”

“இல்லண்ணே. நோன்பு வருதுன்னுதான் சொன்னேன்.”

“ஒத்துக்கொண்டது எப்போது?”

“ஒத்துக்குறதா?” என்றாள் மனைவி. “மொத நாள் காலையில அவங்க வந்துட்டாங்க. அப்புறம் நான் சாயங்காலம்தானே போயாகணும்? தீபாவளி வாரம் எனக்கு வேலை முடியாது, அப்போ அவங்க பார்த்துக்குவாங்க.”

“பார்த்துக்கொள்வதாகச் சொன்னாரா?”

“அலமாக்! இதெல்லாம் சொல்லுவாங்களா?” என்றார் கடைக்காரர் மனைவி. “அக்கா, இவர்கூட எத்தனை வருஷம்?”

“நாப்பத்தி மூணு. அவருக்கு நாள் கணக்கே தெரியும், கேட்டுப் பாரு.”

குறிப்பேட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. “மிஸ்ஸிக்கு எப்படித் தெரியும்?” என்றேன் கடைசியாக.

“அவங்க பென்சில்ல ஒரு கோடு போட்டுக்குவாங்க.”

உள்ளே போய் அசல் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். ஒன்று விட்டு ஒரு பக்கத்தில், காலையிலிருந்து மாலைக்கு ஓர் அம்பு, மாலையிலிருந்து காலைக்கு ஓர் அம்பு. மெல்லிய பென்சில். இருபத்தாறு. துடைக்கச் சொல்லி நான் குறிப்பு எழுதியது இவற்றைத்தான்.

“ஏன் மையால் எழுதவில்லை?” என்று கேட்டேன்.

“அவங்க மனசு மாறினா அழிக்கணுமே, அங்கிள்,” என்றார் தலைமை மிஸ்ஸி. எட்டாம் எண்ணின் வரிசையையும் பார்த்தேன், மூன்று முறை. கோடு எதுவும் இல்லை. இருந்தாலும் ஒரு போன் செய்யுங்கள் என்று கெஞ்சினேன். செய்தார். நான் மன்னிக்காத அதே சன்னலோரத்து மனிதர்தான். குளுவாங்கில் மகள் வீட்டுப் பக்கமும் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறாராம். இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். எனக்கு வந்த மகிழ்ச்சி அவ்வளவு நாகரிகமானது இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரே வாக்கியம் எழுதினேன். கேட்பதும் இல்லை, ஒத்துக்கொள்வதும் இல்லை, வருவது மட்டும்தான். “ஒருவர் மற்றவருடைய நேரத்தில் வந்திருக்கும் நிலையில், அந்த மற்றவரும் இவருடைய நேரத்தில் வந்தால், இருவரும் வந்ததாகவே கணக்கு.”

சனிக்கிழமை மகள் வந்து அதை ஓட்டினாள். சிவப்பு. வாக்கியத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

“சிவப்பாத்தான் வரணும்பா. வாக்கியம் மட்டும்தானே இருக்கு? இன்னும் நான் ஒண்ணும் செய்யலயே. முதல்லயே பச்சையா வந்திருந்தாத்தான் பயப்படணும்.”

இதை ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

இருபத்தாறு அம்புகளையும் நானே உள்ளே ஏற்றினேன். அவள் ஞாயிறு மாலைவரை உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டும் பச்சை. ஒரே ஒரு நாற்காலி பட்டியலுக்குப் போயிற்று, எட்டாம் எண்ணுடையது. அழுத அம்மாளுக்கு அது. முழுதும் சரிதானா என்று நான்கு முறை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஐந்தாவது முறைக்கு அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த நான்கையும் நான் நம்பவில்லை. திங்கட்கிழமை காலை காரைக் கிளப்பாமல், சட்டம் நடப்புக்கு வந்த பிறகு பதினேழைக் கேட்டால் சன்னல் என்ன சொல்கிறது என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளிடமிருந்து செய்தி வந்தது. மூன்று இலக்கம்தான். இருநூறு.

அப்படி ஒருவர் இருக்கிறார். என் பக்கத்து இருக்கையில், போர்வையும் ஃபிளாஸ்க்கும் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன பார்த்துக்கிட்டே இருக்கீங்க?” என்றாள். “வண்டிய எடுங்க. பதினேழாம் நம்பர் லேட்டா போனா ஊர் பூரா திட்டுவீங்க.”