வரதன் நட்ட ஒன்பது கட்டைகள்

தோணிரேவு வரதன் தம் வாழ்நாளில் நட்ட எந்தக் கழியும் சாய்ந்ததில்லை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மறுத்துப் பேச யாரும் முன்வராததால் உண்மை என்றே கொள்ள வேண்டும்.

பழவேற்காட்டு ஏரியில் வலை கட்டிப் பிழைக்கிறவர்களுக்குக் கழிதான் முதல். கடல்நீர் ஏரிக்குள் ஏறி இறங்கும் வழியில் கழிகளை வரிசையாகச் சேற்றில் இறக்கி, அவற்றில் வலையைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீரோடு வருகிற இறால் வலையில் தங்கிவிடும். கழி சாய்ந்தாலோ இறால் போகும், வலை போகும், கடைசியில் மானமும் போகும். இறாலும் வலையும் போனால் ஊரார் வருத்தப்படுவார்கள். மானம் போனால் சந்தோஷப்படுவார்கள். ஆகவே வரதன் கழி நடும்போது மிகுந்த கவனமாக இருப்பார்.

அவருடைய நைனா சாகும்போது ஒரு படகு, பாதி வலை, ஒரு வாக்கியம் ஆகியவற்றை விட்டுச் சென்றார். படகைப் புயல் கொண்டுபோயிற்று. வலையை நண்டுகள் தின்று தீர்த்தன. வாக்கியம் மட்டும் சேதமில்லாமல் தங்கியது. "டேய் வரதா, நட்டா நிக்கணும்டா" என்பது அந்த வாக்கியம். பெரியவர் அதை எதைக் குறித்துச் சொன்னார் என்று கேட்பதற்குள் மூச்சு நின்றுவிட்டதால், எல்லாவற்றையும் குறித்துத்தான் சொன்னார் என்று வரதன் முடிவு செய்துகொண்டார்.

விளைவை அவர் வீட்டு முற்றத்தில் பார்க்கலாம். மகள் லட்சுமி பிறந்த வருஷம் ஆடு கட்ட ஒரு முளை அடித்தார். அந்த ஆடு போய், அடுத்த ஆடும் போய்விட்டது. முளை மட்டும் நடுமுற்றத்தில் அப்படியே இருந்து வருகிறவர் போகிறவர் கால்விரல்களைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. பிடுங்கிப் போடச் சொல்லி அவர் மனைவி செல்வம்மாள் மன்றாடினாள். வரதனும் முயன்றுதான் பார்த்தார், முடியவில்லை. முடியாததில் அவருக்கு உள்ளூரப் பெருமை. லட்சுமி பெரியவளானபோது போட்ட பந்தலின் கால்களும் இன்னும் நின்றன. பந்தல்தான் இல்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு விளையாட்டு என்றால் ஆகாது என்பதில் வியப்பில்லை. நிலா வெளிச்சத்தில் ஊர் ஆண்கள் சடுகுடு ஆடினால், அவர் தள்ளி உட்கார்ந்து வலை பொத்தல் அடைப்பார். திரும்பி வரத்தான் போகிறான் என்றால் அந்தப் பக்கம் எதற்குப் போகிறான் என்பது அவர் கேள்வி. ஆடுகிறவர்கள் யாரும் இதற்குப் பதில் சொன்னதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுகிறவனால் பதில் சொல்ல முடியாது என்பதை வரதன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

லட்சுமிக்கு மாப்பிள்ளை பார்க்கும் வேளை வந்தது. கடலோரக் குப்பத்து நீலமேகத்தின் மகன் நல்ல பையன். லட்சுமிக்கும் அவன் பேச்சை எடுத்தால் தலை குனிந்துவிடும். ஆனால் நீலமேகம் பிடி கொடுக்கவில்லை. அவரும் கழி நடுகிறவர்தான், தம் குப்பத்தில் பெயர் பெற்றவர். "பொண்ணு நல்லாத்தான் கீது. குடும்பம் இன்னா மாதிரி குடும்பம்னு பாக்கணும்" என்று மூன்று அமாவாசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பாக்கு மாற்றி நிச்சயம் செய்யவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. செல்வம்மாள் கோயிலில் வேண்டிக்கொண்டாள். வரதன் தூக்கம் கெட்டுப் பாயில் புரண்டார்.

அந்த நேரத்தில்தான் கோட்டையிலிருந்து அழைப்பு வந்தது.

பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்தவர்கள் உலாந்தாக்காரர்கள், அதாவது ஹாலந்து தேசத்து வெள்ளைக்காரர்கள். வாரத்தில் ஆறு நாள் துணி வாங்குவார்கள், வெடிமருந்து அரைப்பார்கள், எதிர்ப்படுகிறவர்களை அதட்டுவார்கள். ஏழாம் நாள் காலையில் சாமி கும்பிடுவார்கள். பிற்பகலில் கோட்டைச் சுவருக்கு வெளியே புங்கமர நிழலில் கட்டை விளையாடுவார்கள். ஒன்பது மரக்கட்டைகளைப் பலகைமேல் நிறுத்தி, தூரத்தில் நின்று இளநீர் அளவு மரப்பந்தை உருட்டி அவற்றைச் சாய்ப்பார்கள். அதுதான் விளையாட்டு. சாய்ந்த கட்டைகளை எடுத்து நிறுத்துவதற்கென்றே ஒரு சிப்பாய் இருந்தான். அவன் காய்ச்சலில் விழுந்துவிட்டான். அவனை நிறுத்துவதற்கு ஆள் இல்லை.

வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி சுப்பராயலு தோணிரேவுக்கு வந்து, கட்டை நிறுத்தத் தெரிந்த ஆள் யார் என்று விசாரித்தார். விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஊராரும் கேட்கவில்லை. அத்தனை விரல்களும் வரதன் வீட்டைக் காட்டின. கோட்டை வேலைக்கு அடையாளமாக இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சிவப்புத் துண்டு கொடுத்தார்கள். அந்தத் துண்டோடு வரதன் வீடு வந்து சேருவதற்குள், அவர் கோட்டையில் உத்தியோகஸ்தர் ஆகிவிட்டார் என்ற செய்தி நீலமேகத்தின் குப்பத்தை எட்டிவிட்டது. கொண்டுபோனவள் செல்வம்மாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வரதன் புங்கமரத்தடிக்குப் போனார். கீழே கிடந்த பலகையைப் பார்த்தார். எவனோ சோம்பேறி வழியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று எண்ணி அதை எடுத்து அப்பால் வீசினார். மண்ணைத் தோண்டினார். ஈரம் தட்டும்வரை தோண்டினார். ஒன்பது கட்டைகளையும் பாதி உயரம் இறக்கி, ஆட்டி ஆட்டிப் பதித்து, தண்ணீர் ஊற்றி, குதிகாலால் மிதித்து இறுக்கினார். நிமிர்ந்து கும்பிட்டுவிட்டு விலகி நின்றார்.

கோட்டைக்குத் தலைவரான கப்பித்தான் பந்தை உருட்டினார். பந்து கட்டையில் மோதித் திரும்பி வந்தது. இன்னொருவர் ஓங்கி உருட்டினார். மூன்றாமவர் சட்டையைக் கழற்றிவிட்டு உருட்டினார். பந்தில் ஒரு சில்லு பெயர்ந்ததே தவிரக் கட்டை அசையவில்லை. வெள்ளைக்காரர்கள் கூச்சலிட்டார்கள். அது பாராட்டு என்று நினைத்த வரதன் அடக்கமாகத் தலை குனிந்தார்.

சுப்பராயலு ஓடிவந்து அவர் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துப்போனார்.

"இன்னா காரியம் பண்ணிட்ட வரதா? அது விழணும்யா."

"விழறதுக்கு எதுக்கு என்னைக் கூப்ட்டீங்க? அதுக்கு ஊர்ல வேற ஆளுங்க கீறாங்களே."

"நீ நிறுத்துவ, அவங்க சாய்ப்பாங்க. நீ மறுபடி நிறுத்துவ, அவங்க மறுபடி சாய்ப்பாங்க. அதான் உத்தியோகம்."

வரதன் யோசித்துப் பார்த்தார். வேலையில் பலவகை உண்டு என்று அவருக்குத் தெரியும். வீண் வேலை உண்டு, வெட்டி வேலை உண்டு. ஒருவர் செய்ததை இன்னொருவர் கெடுப்பதற்காகவே செய்வதும், கெடுத்தவர் கைதட்டிக்கொள்வதும் எந்த வகையில் சேர்த்தி என்று விளங்கவில்லை. கப்பல் ஏறிக் கடல் தாண்டி வந்தவர்களுக்குச் சின்ன வயதில் நல்லது சொல்ல ஒரு நைனா இல்லாமல் போய்விட்டாரே என்று பரிதாபம்கூட வந்தது. துண்டை அவிழ்த்துக் கொடுத்துவிடலாமா என்று இடுப்பில் கை வைத்தார்.

அவிழ்க்க முடியவில்லை. முடிச்சையும் அவர்தான் போட்டிருந்தார். அதோடு, அடுத்த ஞாயிறு சம்சாரத்தோடு வந்து உத்தியோகத்தை நேரில் பார்ப்பதாக நீலமேகம் அன்று காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார். பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

வரதன் மாட்டிக்கொண்டார். கட்டை நின்றால் உத்தியோகம் போகும், உத்தியோகத்தைப் பார்க்க வருகிறவரும் அப்படியே திரும்பிவிடுவார். கட்டை விழுந்தாலோ, கழி நடுகிற நீலமேகத்தின் கண்ணெதிரில் வரதனின் கை நட்டது ஒன்பதும் ஒரே நேரத்தில் சாயும். அப்படிப்பட்ட குடும்பத்தில் பெண் எடுக்க எந்தக் கழிக்காரன் சம்மதிப்பான்?

"விழுந்தா விழட்டும், போய்ட்டு வா" என்றாள் செல்வம்மாள். "கோட்டை வேலைன்னு நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டேன்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் பயிற்சி நடந்தது. உலக்கையைத் தரையில் சும்மா நிறுத்திவிட்டுக் கையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வரதனின் கை விலக மறுத்தது. அது தன்னையறியாமல் உலக்கையை அழுத்தித் திருகியது. செல்வம்மாள் அவர் மணிக்கட்டில் தட்டித் தட்டிக் கையை விலக்கினாள். ஒருவழியாக உலக்கை தனியே நின்றபோது, கோழி ஒன்று உரசிக்கொண்டு போய் அதைச் சாய்த்துவிட்டது. வரதன் முகத்தை மூடிக்கொண்டார். "இன்னா நைனா இது, உலக்கைதானே?" என்று சிரித்த லட்சுமி, அவர் விரலிடுக்கில் ஈரத்தைப் பார்த்ததும் உலக்கையை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

ஞாயிறு வந்தது. நீலமேகம் வெளுத்த வேட்டி கட்டி, சம்சாரம் கோவிந்தம்மாவோடு படகில் வந்து இறங்கினார். தோணிரேவிலிருந்தும் குப்பத்திலிருந்தும் ஏராளம் பேர் வந்திருந்தார்கள். பெண் பார்க்கும் கூட்டம் போய்ப் பெண்ணின் அப்பனைப் பார்க்கும் கூட்டம் கூடுவது அந்தப் பக்கத்தில் அதுவே முதல் தடவை. கயிறு கட்டி எல்லாரையும் ஒதுக்கி நிறுத்தினார்கள்.

வரதன் பலகையைப் போட்டார். ஒன்பது கட்டைகளையும் அதன்மேல் நிறுத்தினார். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கை மறு கையைப் பிடித்துக்கொள்ளும்படி செய்தார்.

கப்பித்தான் உருட்டினார். ஒன்பதும் சடசடவென்று விழுந்தன. வெள்ளைக்காரர்கள் தொப்பியை வீசினார்கள். கப்பித்தான் வந்து வரதன் தோளைத் தட்டிக்கொடுத்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற தோணிரேவுக்காரர் ஒருவர், நம்ம வரதன் நட்டது ஒன்பதும் போச்சே என்று பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. கோவிந்தம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

வரதன் குனிந்து மறுபடி நிறுத்தினார். மறுபடி விழுந்தன. நிறுத்தினார், விழுந்தன. ஒவ்வொரு முறையும் பந்து புறப்பட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். துபாஷிக்குப் பரம திருப்தி. நல்ல ஆள் கிடைத்தான் என்று கப்பித்தானிடம் அவர் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த உருட்டலுக்கு வரதன் குனிந்தபோது, நீலமேகம் கயிற்றைத் தாண்டிவிட்டார். சிப்பாய் ஒருவன் தடுத்தான். நீலமேகம் அவனைக் கையால் ஒதுக்கிவிட்டு நேரே வந்து பலகையை ஒரே உதையில் அப்புறப்படுத்தினார். வெளுத்த வேட்டியோடு மண்ணில் மண்டியிட்டுத் தோண்ட ஆரம்பித்தார்.

"வேணாம்யா. அது விழணுமாம். எனக்கு வேலை அதான்" என்றார் வரதன். விலகி நின்று, கைகளை மறுபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னா வேலை? கட்டை விழறப்போ எல்லாரும் கட்டையப் பாத்தாங்க. நான் உன் மூஞ்சியப் பாத்தேன்." நீலமேகம் நிமிரவில்லை. "ஒரு மனுஷன் வயித்தெரிச்சல இவனுங்க கைதட்டிப் பாக்கறானுங்க. தள்ளி நின்னுக்கினு இன்னா யோசனை? தண்ணி கொண்டா சம்பந்தி."

அந்தச் சொல் அவரையறியாமல் வந்துவிட்டது. வந்தபின் அவரே ஒரு நொடி தோண்டுவதை நிறுத்தினார். ஆனால் செல்வம்மாள் கேட்டுவிட்டாள். கோவிந்தம்மா கேட்டுவிட்டாள். இரண்டு ஊரும் கேட்டுவிட்டன. மூன்று அமாவாசையாக வராமலிருந்த சொல்லை இத்தனை சாட்சிகளுக்கு முன்னால் திரும்ப விழுங்க முடியாது. செல்வம்மாள் குடத்தோடு ஏரிக்கரைக்கு ஓடினாள்.

வரதன் முதுகுக்குப் பின்னால் கட்டிவைத்திருந்த கைகளை அவிழ்த்துக்கொண்டார்.

அப்புறம் நடந்ததை வேலை என்று சொன்னால் போதாது. இருவரும் எதிரெதிரே மண்டியிட்டு, ஒருவர் ஆட்ட ஒருவர் அழுத்த, ஒருவர் தண்ணீர் ஊற்ற ஒருவர் மிதிக்க, ஒன்பது கட்டைகளையும் கழுத்தளவு இறக்கினார்கள். இடையில் ஒரு தகராறும் வந்தது. குப்பத்தில் குதிகாலால்தான் மிதிப்போம் என்றார் நீலமேகம். தோணிரேவிலும் அப்படித்தான் என்றார் வரதன். தகராறு அதோடு முடிந்துபோனது.

கப்பித்தான் உருட்டினார். சிப்பாய்கள் உருட்டினார்கள். பந்து இரண்டாகப் பிளந்தது. சுப்பராயலு தலையில் கை வைத்துக்கொண்டு, உத்தியோகம் போய்விட்டது என்று தமிழிலும் தெலுங்கிலும் அறிவித்தார். சிவப்புத் துண்டைத் திருப்பிக் கேட்டார்கள். முடிச்சு அவிழாததால் கத்தியால் அறுத்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வரதன் கையைத் தூக்கிக்கொண்டு தாராளமாக நின்றுகொடுத்தார். அந்த நேரத்தில் அவர் கப்பித்தானைப் பார்க்கவில்லை. கயிற்றுக்கு அப்பால் செல்வம்மாளும் கோவிந்தம்மாவும் பாக்கு மாற்ற நாள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டைகளில்லாமல் அடுத்த ஞாயிறு விளையாட முடியாது. ஆகவே கப்பித்தான் அவற்றைப் பிடுங்கச் சொல்லி உத்தரவிட்டார். கோட்டையிலிருந்த சிப்பாய்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருவன் கட்டையைப் பிடிக்க, அவன் இடுப்பை இன்னொருவன் பிடிக்க, கயிறு கட்டி இழுத்தார்கள். சுற்றிலும் தோண்டினார்கள், வியர்வை வழிய வழிய இழுத்தார்கள். பொழுது சாயும்வரை முதல் கட்டை வெளியே வரவில்லை.

சம்பந்திகள் இருவரும் புங்கமரத்தடியில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டே இதைக் கவனித்தார்கள். நீலமேகம் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, மனம் நிறைந்து சொன்னார்:

"இப்பதான் இவனுங்க ஒரு வேலைன்னு செய்றானுங்க."